ஜாதிக்காய் எத்தனை சுற்று

எனக்கு எழுபத்தொரு வயது. பெற்றது மூன்று, வளர்த்தது மூன்று. ஒன்றையும் மண்ணுக்குக் கொடுக்கவில்லை. எங்கள் தெருவில் என் வயதுக்காரிகள் அநேகம் பேர் இப்படிச் சொல்ல முடியாது. பெருமையாகத்தான் சொல்லுகிறேன். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடம் போவதை நிறுத்தியவள் நான். பிள்ளைகள் பெரிதான பிறகு, பெரியவர்களுக்காகச் சாயங்காலம் நடந்த வகுப்பில் போய் உட்கார்ந்து, விட்ட எழுத்தையெல்லாம் திரும்பப் பிடித்துக்கொண்டேன். மெதுவாகத்தான் எழுத வரும். இதை எழுத இருபது நாளுக்கு மேல் ஆகிவிட்டது. எனக்கு அவசரம் இல்லை.

போன மாதம் என் மாமியாருக்கு வருஷப் படையல் போட்டோம். இலையில் சோறு, கருவாட்டுக் குழம்பு, அவளுக்குப் பிடித்த மசால்வடை, வெற்றிலை, புகையிலை எல்லாம் வைத்தாயிற்று. வடை வைத்தவள் என் கடைசிப் பெண். வைத்துவிட்டுச் சொன்னாள்:

"என்னக் கொல்லப் பாத்த கெழவிக்கு ரெண்டு வடை எதுக்கு? ஒண்ணு போதும்."

ஒரு வடையைத் திரும்ப எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள். என் பையன்கள் இரண்டு பேரும் சிரித்தார்கள். பேத்தி சிரித்தாள். நானும் சிரித்தேன். எங்கள் வீட்டில் இது பழைய சிரிப்பு. மாதம் நிறையாமல் பிறந்த பிள்ளைக்குப் பாட்டிக்காரி நாட்டு மருந்து கொடுத்து அதன் மூச்சை நிறுத்தப் பார்த்தாள் என்று ஒரு கதை. வருகிற உறவுக்காரர்களுக்கெல்லாம் சொல்லுவார்கள். முப்பது முப்பத்தைந்து வருஷமாக, சொல்லும்போதெல்லாம் நானும் கூடவே சிரித்துக்கொண்டிருக்கிறேன்.

படையல் முடிந்து இலையை எடுக்கும்போது, ஒற்றை வடையைப் பார்த்தேன். இதை எழுதிவிட வேண்டும் என்று அப்போதுதான் நினைத்தேன். வாயால் சொன்னால் பாதியில் நிறுத்திவிடுவேன். என்னை எனக்குத் தெரியும்.

அப்போது பட்டாபிராமில் ரயில் பாதைக்குப் பக்கத்தில் இரண்டு அறை கொண்ட ஷீட் வீட்டில் இருந்தோம். எண்பதுகளின் பாதி தாண்டிய சமயம். என் வீட்டுக்காரர் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் தகடு வெட்டுகிற பிரஸ் ஓட்டினார். அந்த வருஷம் முழுக்க அவருக்கு ராத்திரி ஷிப்ட். சாயங்காலம் ரயில் ஏறினால் காலையில்தான் வருவார். வீட்டில் நான், என் மாமியார், ஆறு வயதிலும் நாலு வயதிலும் இரண்டு பையன்கள்.

ஏழாம் மாதம் முடிகிற நேரத்தில் வலி வந்துவிட்டது. எதையும் தூக்கவில்லை, விழவில்லை. வெங்காயம் உரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், அவ்வளவுதான். டவுனில் பெரிய ஆஸ்பத்திரியில் பெண் குழந்தை பிறந்தது. தூக்கிக் காட்டினார்கள். என் முழங்கைக்கும் மணிக்கட்டுக்கும் நடுவில் அடங்கிவிடும். காது மடலில் எலும்பே இல்லை, மடித்தால் மடித்தபடி நிற்கும். தோலுக்கு அடியில் நரம்பு ஓடுவது தெரியும். பூனைக்குட்டியை மழையில் நனைத்து எடுத்தது மாதிரி இருந்தது. இதை நான் பெற்றேன் என்று மனதுக்கு ஒட்டவே இல்லை. உடனே கண்ணாடிப் பெட்டிக்குள் கொண்டுபோய் வைத்துவிட்டார்கள்.

பிள்ளைகள் கண்ணாடி அறைக்குள்ளே, தாய்மார் வெளியே நடையில். வரிசையாகப் பாய். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம் மணி அடிப்பார்கள். எழுந்துபோய்க் கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, ஆளுக்கொரு டம்ளரில் பாலைப் பீய்ச்சிக் கொடுக்க வேண்டும். நர்ஸ் அதைக் குழாய் வழியாகப் பிள்ளைக்கு விடுவாள். பகலும் ராத்திரியும் இதுதான். படுத்துக் கண்ணை மூடினால் மணி அடிக்கும்.

என் பக்கத்துப் பாயில் பூந்தமல்லிக்காரி ஒருத்தி. முஸ்லிம் பெண், இருபது வயது இருக்கும். புருஷன் தையல்கடை வைத்திருந்தான். முதல் பிள்ளை, ஆண் பிள்ளை. என் பெண்ணுக்கு அடுத்த பெட்டி.

"யக்கா, மணி அடிச்சா என்ன எழுப்பு. எனக்கு மணியே காதுல வுழ மாட்டேங்குது" என்பாள்.

"நான் தூங்கிட்டேன்னா?"

"நர்சம்மா கத்துற கத்துல செத்தவங்களே எழுந்துருவாங்க. நீ எழ மாட்டியா?"

அங்கே சிரிப்பதற்கு அவள் ஒருத்திதான். அவளை நான் எழுப்புவேன், என்னை அவள் எழுப்புவாள். இருபத்திரண்டு நாள் அப்படிப் போனது. ஒருநாள் விடியற்காலையில் மணி அடித்தது. இரண்டு பேரும் போனோம். நான் பாலைக் கொடுத்துவிட்டு வந்தேன். அவள் டம்ளரோடு திரும்பி வந்தாள். டம்ளரில் பால் அப்படியே இருந்தது.

"பால் வாணாமாம் யக்கா" என்றாள்.

டம்ளரைத் தலைமாட்டில் வைத்தாள். பாயில் படுத்தாள். தூங்கிப் போய்விட்டாள். பூந்தமல்லியிலிருந்து அவள் புருஷன் பஸ் பிடித்து வருகிறவரைக்கும் தூங்கினாள். அதற்குள் மூன்று தரம் மணி அடித்தது. நான் மூன்று தரமும் எழுந்துபோய் வந்தேன். வரும்போதெல்லாம் அவளைப் பார்த்தேன். வாயைத் திறந்துகொண்டு, அசையாமல், நல்ல தூக்கம். கொடுத்து வைத்தவள், தூங்குகிறாள் என்று நினைத்தேன்.

வேறு ஒன்றும் நினைக்கவில்லை. ஐயோ, இப்படி நினைக்கிறோமே என்றுகூட அப்போது தோன்றவில்லை. அவள் புருஷன் பிள்ளையைத் துணியில் சுற்றி வாங்கிக்கொண்டான். அவள் எழுந்து என் தோளைத் தொட்டு, "இனிமே யாரு உன்ன எழுப்புவாங்க?" என்று கேட்டுவிட்டுப் போனாள்.

நாற்பது நாள் ஆனதும் எங்களை வீட்டுக்கு அனுப்பினார்கள். அனுப்பும்போது நர்ஸ் என்னை உட்கார வைத்துச் சொன்னாள்:

"மாசம் நெறையாத புள்ள. சில நேரம் மூச்ச நிறுத்தும். அதுக்கே மறந்து போயிரும். நீ பாத்துகினே இருக்கணும். நின்னுச்சுன்னா உள்ளங்கால்ல ஒரு சுண்டு சுண்டு. இழுத்துக்கும்."

"எத்தினி நாளைக்கும்மா?"

"எடை ஏறுற வரைக்கும்."

"அப்ப நான் எப்ப தூங்குறது?"

"அது காலேஜ் போனதும் தூங்கு" என்றாள். நடையில் இருந்த தாய்மார் எல்லாம் சிரித்தார்கள். நல்ல பெண்தான் அந்த நர்ஸ்.

வீட்டில் உள் அறையில் நானும் குழந்தையும். முன் அறையில் மாமியாரும் பையன்களும். கண்ணாடிப் பெட்டியில் ராத்திரி பகல் தெரியாமல் வெளிச்சத்திலேயே கிடந்த பிள்ளை அது. வீட்டுக்கு வந்ததும் இருட்டு அதற்குப் பிடிக்கவில்லை. விளக்கை நிறுத்தினால் முழித்துக்கொள்ளும். அதனால் குண்டு பல்பு எரிந்துகொண்டே இருக்கும். பகலெல்லாம் வெற்றிலையைச் சுருட்டி வைத்த மாதிரி கிடந்து தூங்கும். எத்தனை எழுப்பினாலும் எழாது. கடைசி ரயில் போனதும் ஆரம்பிக்கும்.

அழுகை என்று சொல்ல முடியாது. அழ அதற்குத் தெம்பு கிடையாது. முனகும். முக்கும். எண்ணெய் போடாத கதவு மாதிரி ஒரு சத்தம். நெஞ்சின் மேல் போட்டுக்கொண்டால் அடங்கும். கீழே படுக்க வைத்தால் திரும்ப ஆரம்பிக்கும். பாலாடையில் பால் புகட்ட முக்கால் மணி நேரம் ஆகும். புகட்டி, தோளில் போட்டுத் தட்டி, படுக்க வைத்தால் அடுத்த பாலுக்கு நேரம் வந்துவிடும்.

சத்தம் போடும்போது எனக்குப் பயம் இல்லை. சத்தம் நின்றால்தான் உட்கார்ந்துவிடுவேன். வயிறு ஏறி இறங்குகிறதா என்று பார்ப்பேன். ஏறும், இறங்கும். பிறகு நிற்கும். ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணுவேன். சில நேரம் ஐந்தில் இழுத்துக்கொள்ளும். சில நேரம் பத்து தாண்டும். உள்ளங்காலில் சுண்டுவேன். துள்ளி இழுத்துக்கொள்ளும். ஒரு ராத்திரியில் நாலு தரம், ஐந்து தரம்.

அப்போதெல்லாம் நான் அழவில்லை. பயந்து கத்தவும் இல்லை. எண்ணுவேன், சுண்டுவேன். பிரஸ் ஓட்டுகிறவர் கையை உள்ளே வைத்து எடுப்பது மாதிரி. பகலில் அரிசி களைவேன், துணி துவைப்பேன், பையன்களைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புவேன். யாராவது ஏதாவது கேட்டால் வாய் பதில் சொல்லும். என்ன சொன்னேன் என்று தெரியாது. ஒருநாள் குழந்தையைக் காணோம் என்று பாய்க்கு அடியில், துணி மூட்டையில் எல்லாம் தேடினேன். பெரிய பையன் வந்து, "உன் தோள்லதாம்மா கீது" என்றான். பார்த்தேன், இருந்தது. அதற்கும் எனக்கு ஒன்றும் ஆகவில்லை. சரி என்று அடுப்பைப் பார்க்கப் போனேன்.

என் மாமியாரைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். தெருவில் யார் வீட்டில் பிள்ளை பிறந்தாலும் தலைக்குத் தண்ணீர் ஊற்றி, உரை மருந்து கொடுக்க அவளைத்தான் கூப்பிடுவார்கள். ஒரு சின்னக் கல் வைத்திருந்தாள், உள்ளங்கை அகலம். சுட்ட வசம்பு, கடுக்காய், மாசிக்காய், சுக்கு, ஜாதிக்காய், இதெல்லாம் ஒரு தகர டப்பாவில். தாய்ப்பாலை இரண்டு சொட்டு கல்லில் விட்டு, ஒவ்வொன்றையும் ஒரு சுற்றோ இரண்டு சுற்றோ உரசி, வழித்து நாக்கில் தடவுவாள். வயிற்று வலிக்கு வசம்பு. தூங்காத பிள்ளைக்கு ஜாதிக்காய், அரைச் சுற்று. அதற்கு மேல் உரச மாட்டாள். என் இரண்டு பையன்களும் அந்தக் கல்லில் வளர்ந்தவர்கள்தான்.

இந்தப் பிள்ளைக்கு மட்டும் அவள் கல்லை எடுக்கவில்லை. நானே ஒருநாள் கேட்டேன்.

"அத்தே, கொஞ்சூண்டு ஜாதிக்கா ஒரசிக் குடேன். தூங்கட்டும்."

"வாணாம்."

"பசங்களுக்குக் குடுத்தியே."

"அதுங்க புள்ளைங்க. இது இன்னும் புள்ள ஆவல. மூச்சு வுடவே யோசிச்சுகினு கீது, இதுக்குப் போயி தூக்கத்துக்கு மருந்தா? ஒடம்பு தேறட்டும், நானே குடுக்கறேன். நீ வாய மூடு."

டப்பாவை எடுத்துத் தன் இரும்புப் பெட்டிக்குள் வைத்தாள். பூட்டவில்லை. நான் எடுப்பேன் என்று அவள் நினைக்கவில்லை. நானும் நினைக்கவில்லை.

வீட்டுக்கு வந்து ஒரு மாதம் இருக்கும். மழைக்காலம் ஆரம்பித்திருந்தது. அவர் வேலைக்குப் போய்விட்டார். மாமியாரும் பையன்களும் தூங்கிவிட்டார்கள். கடைசி ரயில் போயிற்று. குழந்தை ஆரம்பித்தது. முதல் பால் கொடுத்தேன். இரண்டாம் பால் கொடுத்தேன். நெஞ்சில் போட்டுக்கொண்டு நடந்தேன். சுவரில் தோளை முட்டி நின்றுகொண்டே தூங்கினேன். குழந்தை கையிலிருந்து நழுவ இருந்தது. பிடித்துக்கொண்டேன்.

அதைப் பாயில் போட்டுவிட்டு முன் அறைக்குப் போனேன். இரும்புப் பெட்டியைத் திறந்தேன். சத்தம் வந்தது. மாமியார் புரண்டு படுத்தாள், எழவில்லை. டப்பாவையும் கல்லையும் எடுத்துக்கொண்டு வந்தேன். கல்லில் பாலைப் பீய்ச்சினேன். ஜாதிக்காயை வைத்து உரச ஆரம்பித்தேன்.

அரைச் சுற்று என்று எனக்குத் தெரியும். தெரியாமல் செய்தேன் என்று எழுத மாட்டேன். அரைச் சுற்று என்று மனதில் வைத்துக்கொண்டுதான் கையை வைத்தேன். உரசிக்கொண்டே தூங்கிவிட்டேன். கை நிற்கவில்லை. தலை கவிழ்ந்து நெற்றி முழங்காலில் இடித்ததும் விழித்தேன். அப்போதும் கை சுற்றிக்கொண்டிருந்தது. கல்லில் பால் சிவப்பாகக் குழம்பியிருந்தது. எத்தனை சுற்று என்று எனக்குத் தெரியாது. அன்றைக்கும் தெரியாது, இன்றைக்கும் தெரியாது.

வழித்துக் கொட்டியிருக்கலாம். திரும்பக் கல்லைக் கழுவி, திரும்பப் பால் விட்டு, திரும்ப உரச வேண்டும். அந்த வேலையை நினைத்தேன். முடியாது என்று தோன்றியது. விரலால் வழித்து அதன் நாக்கில் தடவினேன்.

தூங்கியது. முனகல் இல்லை, முக்கல் இல்லை. பல்பு வெளிச்சத்தில் வாயைத் திறந்துகொண்டு தூங்கியது. நான் பக்கத்தில் படுத்தேன். கண்ணை மூடும்போது, பார்த்துக்கொண்டே இருக்கணும் என்று நர்ஸ் சொன்னது ஞாபகம் வந்தது. ஞாபகம் வந்தும் மூடினேன்.

விடிவதற்கு முன்னால் எழுந்து அடிபம்பில் குடம் வைக்கப் போவது மாமியார் வழக்கம். அன்றைக்கு எழுந்தவள், உள்ளே சத்தமே இல்லையே என்று எட்டிப் பார்த்திருக்கிறாள். நான் விழித்தபோது அவள் குழந்தையைத் தலைகீழாகப் பிடித்து உள்ளங்காலில் அடித்துக்கொண்டிருந்தாள். சுண்டவில்லை, அடித்தாள். குழந்தையின் உதடு நாவற்பழம் தின்ற மாதிரி இருந்தது.

"எழுந்திருடி! எழுந்திரு! ஆளு போவுது, நீ இன்னாடி பொணமாட்டம் தூங்குற!"

என் தலைமுடியைப் பிடித்து உலுக்கினாள். பிறகு குழந்தையின் வாயில் வாய் வைத்து ஊதினாள். எங்கே கற்றுக்கொண்டாள் என்று தெரியாது. ஒரு மூச்சு வந்தது. அப்படியே முந்தானையில் சுற்றி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஓடினாள். நான் பின்னால் ஓடினேன். ரயில்வே கேட் மூடியிருந்தது. கூட்ஸ் வண்டி போய்க்கொண்டிருந்தது. நிற்கிற நேரத்திலும் அவள் ஊதிக்கொண்டும் காலைத் தட்டிக்கொண்டும் இருந்தாள். நான் வண்டியின் பெட்டிகளை எண்ணிக்கொண்டிருந்தேன். அது மட்டும் நன்றாக ஞாபகம் இருக்கிறது.

கேட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு டாக்டரம்மா, கீழே கிளினிக், மேலே வீடு. நைட்டியோடு இறங்கி வந்து ஆக்சிஜன் வைத்தாள். குழந்தையின் வாயருகே மூக்கைக் கொண்டுபோனாள். நிமிர்ந்தாள்.

"ஜாதிக்காய் வாசனை வருது. யாரு குடுத்தது?"

மாமியார் என்னைப் பார்த்தாள். ஒரே ஒரு தரம். அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது. டாக்டரம்மாவுக்கு யாரும் எதையும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. வீட்டில் ஒரு கிழவி இருந்தால் கொடுத்தது கிழவிதான்.

"ஏம்மா, வயசாச்சே, அறிவு வேணாம்? ரெண்டு கிலோகூட இல்ல. இதுக்குப் போயி இந்தக் கருமத்தக் குடுப்பியா? கொலம்மா இது, கொல!"

மாமியார் முந்தானையை இழுத்துத் தோளை மூடிக்கொண்டாள்.

"புத்தி இல்லம்மா. கெழவிதானே. நீ புள்ளயப் பாரு" என்றாள்.

நான்தான் கொடுத்தேன் என்று அப்போது சொல்ல ஒரு நொடி போதும். என் வாய் சும்மா இருந்தது. பயத்தினால் என்றுகூடச் சொல்ல முடியாது. எனக்குப் பயமே தெரியவில்லை. உட்கார ஒரு இடம் கிடைக்குமா என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

அங்கிருந்து திரும்பவும் டவுன் ஆஸ்பத்திரி, அதே கண்ணாடி அறை. ஆறு நாள் வைத்திருந்தார்கள். பிழைத்துக்கொண்டது. அவர் ஷிப்ட் முடிந்து வீட்டுக்குப் போய், அக்கம்பக்கத்தில் கேட்டு, டாக்டரம்மாவிடம் விஷயத்தைத் தெரிந்துகொண்டு, அங்கேயே வந்தார். நடையில் எல்லார் எதிரிலும் தன் அம்மாவிடம் சொன்னார்:

"இனிமே என் பொண்ணு மேல உன் கை படக் கூடாது. பட்டுச்சு, பெத்தவன்னு பாக்க மாட்டேன்."

"படாதுடா நைனா" என்றாள் அவள்.

அவர் சொன்னால் சொன்னதுதான். அவளும் அப்படித்தான். வீட்டுக்குத் திரும்பிய பிறகு அவள் அந்தக் குழந்தையைத் தொடவே இல்லை. அவர் இல்லாத நேரத்திலும் தொடவில்லை. தெருவில் விஷயம் பரவிவிட்டது. பிள்ளைக்குத் தண்ணீர் ஊற்ற அவளை யாரும் கூப்பிடவில்லை. எதிர்வீட்டுக்காரி தன் பேரனைத் தூக்கிக்கொண்டு எங்கள் வாசலைத் தாண்டும்போது துணியால் அதன் முகத்தை மூடிக்கொள்வாள். என் மாமியார் குடத்தைத் தேய்த்துக்கொண்டே பார்ப்பாள்.

ஆனால் ராத்திரி, அவர் வேலைக்குக் கிளம்பிப் போனதும், அவள் உள் அறைக்கு வருவாள். கொசுவலைக்கு வெளியே சுவரில் சாய்ந்து உட்காருவாள். கையில் ஓலை விசிறி. புகையிலையை வாயில் அடக்கிக்கொள்வாள்.

"படு" என்பாள்.

"அத்தே…"

"படுன்னு சொல்றேன் இல்ல. நான் தொட மாட்டேன். கண்ணு பாக்கலாம். கண்ணு படக் கூடாதுன்னு ஒண்ணும் சொல்லலியே ஒம் புருசன்."

நான் படுத்துத் தூங்குவேன். குழந்தையின் வயிறு நின்றால் விசிறிக் காம்பால் வலைக்கு மேலேயே என் விலாவில் குத்துவாள். நான் எழுந்து சுண்டுவேன். பால் நேரம் வந்தால் குத்துவாள். எழுந்து கொடுப்பேன். மற்ற நேரம் தூங்கினேன். விடிவதற்கு முன்னால் அவள் குடத்தை எடுத்துக்கொண்டு பம்புக்குப் போய்விடுவாள். காலையில் அவர் வரும்போது அவள் முன் அறையில், ஒன்றும் தெரியாதவள் மாதிரி. பகலில் எப்போது தூங்கினாள் என்று நான் பார்க்கவில்லை. என் விலாவில் வலது பக்கம் எப்போதும் கன்றிப்போயே இருக்கும்.

ஐந்து மாதம் அப்படி. மூச்சை நிறுத்துவது மெல்ல மெல்லக் குறைந்து, பிறகு இல்லாமல் போயிற்று. விளக்கை அணைத்தாலும் தூங்கப் பழகிக்கொண்டது. கன்னம் வைத்தது.

ஒருநாள் ராத்திரி, வலைக்கு உள்ளே இருந்துகொண்டு கேட்டேன். முகம் தெரியாது என்கிற தைரியம்.

"ஏன் அத்தே அன்னிக்கி சொல்லல?"

விசிறி ஆடிக்கொண்டே இருந்தது.

"சொன்னா? உன்ன இட்டுகினு போயி உங்கம்மா ஊட்டுல உட்டுட்டு வந்துருவான். மூணு புள்ளைக்கு யாரு சோறு ஆக்குறது? இதுக்குப் பாலு யாரு குடுக்கறது, நானா?"

"அதுக்காவவா?"

"வேற இன்னாத்துக்கு? உன் மூஞ்சிக்காவவா?" என்று சிரித்தாள். பிறகு, "ஒரசும்போது தூங்கினியா?" என்று கேட்டாள்.

"ஆமா."

"காயப் பாத்தேன். பாதியாத் தேச்சு வச்சிருந்த" என்றாள்.

குழந்தைக்கு ஒரு வயது ஆனதும் நூம்பலில் இருந்த தன் மகள் வீட்டுக்குப் போய்விட்டாள். மகன் முகம் கொடுத்துப் பேசவில்லை, வேறு என்ன செய்வாள். பெட்டியை எடுத்துக்கொண்டாள், கல்லை விட்டுவிட்டாள். அது கொஞ்ச காலம் பீரோக் காலுக்கு முட்டுக் கொடுத்திருந்தது. என் பெண் எட்டாவது படிக்கும்போது மாமியார் செத்துப்போனாள். நான் அழவில்லை. மாமியார் செத்தால் எவள் அழுவாள் என்று யாரோ சொன்னார்கள், பெண்கள் கூட்டத்தில் சிரித்தார்கள். அழுகை வரவில்லை என்பதுதான் உண்மை. அந்த மழைக்காலத்தில் என்னிடமிருந்து என்னவோ ஒன்று போனது, திரும்பி வரவில்லை. பிள்ளைகள் கல்யாணத்திலும் எனக்கு அழுகை வரவில்லை. அவர் போனபோதும் வரவில்லை. பெண் காலேஜ் போனாள், கல்யாணம் ஆகி இப்போது நாலு வீடு தள்ளித்தான் இருக்கிறாள். படுத்தால் இடி இடித்தாலும் எழ மாட்டாள். ராத்திரியில் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம் விழித்துக்கொள்கிறவள் நான்தான்.

அவரிடம் சொல்லியிருக்கலாம். வருஷங்கள் இருந்தன. ஒன்றையும் மண்ணுக்குக் கொடுக்காதவள் என்று தெருவில் எனக்கு ஒரு பேர் வந்துவிட்டது. பிரசவத்துக்கு ஆஸ்பத்திரிக்குப் போகிற பெண்கள் என்னிடம் வந்து குங்குமம் வாங்கிக்கொண்டு போவார்கள். அந்தப் பேரை வைத்துக்கொள்ள ஆசையாக இருந்தது. அதற்குத்தான் அந்தக் கிழவியை அப்படியே விட்டுவைத்தேன். பதின்மூன்று வருஷம் அவள் உயிரோடு இருக்கும்போது. அதற்குப் பிறகு செத்தவளாகவும்.

மருந்து கொடுத்தவள் நான். ஊதி உயிரை வர வைத்தவள் அவள். இதை இதற்கு மேல் எப்படி எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை. முதல் வரியில் வளர்த்தது மூன்று என்று எழுதியிருக்கிறேன். அதை அடிக்கவில்லை. படிக்கிறவர்கள் பார்த்துக்கொள்ளட்டும்.

இன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. என் பெண் வந்திருக்கிறாள், உள்ளே மீன் கழுவிக்கொண்டிருக்கிறாள். அவள் மகள், பதினொன்றாவது படிக்கிற என் பேத்தி, போனைப் பார்த்துக்கொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாள். இந்த நோட்டு அவளுடையதுதான், போன வருஷத்து மிச்சப் பக்கம். பேனாவை மூடிவிட்டு அவளிடம் கொடுக்கப் போகிறேன். கொடுக்கும்போது சொல்லப் போவதையும் எழுதிவிடுகிறேன், அப்புறம் மாற்றிச் சொல்ல முடியாது.

"தோ பாரு கண்ணு, அந்தப் போன கீழ வை. இத மொதல்லேர்ந்து படி. நடுவுல நிறுத்தாத, ஆயா இன்னா இதுன்னு கேக்காத. சத்தமாப் படி, உங்கம்மாக்கு உள்ள கேக்கணும்."